நிழல் பாத்து வண்டி நிறுத்துற ஊர்ல சோலார் வண்டி

வேன் மேல சோலார் பேனல் மாட்டுனதுல இருந்து எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வருது. டீக்கடை, பெட்ரோல் பங்க், மண்டப வாசல்னு எங்க நிறுத்தினாலும் ஒருத்தர் வந்துடுவாரு. மேல பாப்பாரு. வண்டியச் சுத்தி வருவாரு. அப்புறம் கேப்பாரு.

"இதுலயே வண்டி ஓடுமாங்க?"

ஓடாதுங்க. சத்தியமா ஓடாது.

மேல இருக்கறது 100 வாட் பேனல் ரெண்டு. கீழ இருக்கறது பழைய ஆம்னி. அதோட குட்டி 796 சிசி இன்ஜினே 25 கிலோவாட் சக்தி தரும். நூறு மடங்குக்கு மேல வித்தியாசம். டில்லியில 2017 ஜூலைல ரயில்வேக்காரங்க டீசல் ரயில் ஒண்ணுல பெட்டிக்கு 16 பேனல் வீதம் மாட்டி விட்டாங்க, ஒவ்வொண்ணும் 300 வாட். அவ்வளவு பெரிய கூரை. அதுவே லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான். இழுக்கறது டீசல்தான். நம்ம ஆம்னி என்ன, ரயில விடப் பெருசா?

"அப்புறம் எதுக்குங்க?" இது ரெண்டாவது கேள்வி. இதுக்குத்தான் இவ்ளோ பெரிய பதிவு.

நான் சின்னசேலத்துல போட்டோ, வீடியோ எடுக்கற ஆளு. காதுகுத்து, மஞ்சள் நீர், வளைகாப்பு, கோயில் திருவிழா. ஆர்டர்ல பாதி கல்வராயன் மலைல இருந்து வருது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறணும். அங்கருந்து உள்ளார கிராமங்களுக்கு. (வண்டியோட ஆர்.சி புக்குல இன்னும் விழுப்புரம் மாவட்டம்னுதான் இருக்கு. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர்லயே தனி மாவட்டம் ஆயிடுச்சு. ஆம்னிக்கு இன்னும் தகவல் போகல.)

மலைல காத்து மழைன்னா கரண்ட் எப்ப வரும்னு சொல்ல முடியாது. கேமரா பேட்டரி, ட்ரோன் பேட்டரி, எல்.இ.டி லைட்டு, லேப்டாப்னு எல்லாத்துக்கும் சோறு போடணும். ஜெனரேட்டர் எடுத்துட்டுப் போனா சாமி பாட்டு நடுவுல அது வேற பாடும். அதனால பவர் ஸ்டேஷன் ஒண்ணு வாங்கினேன். கைப்பிடி வச்ச பெட்டி. உள்ள லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி, முன்னாடி வீட்டுல இருக்கற மாதிரியே பிளக் பாயின்ட். 1000 வாட் மணி, அதாவது 1 யூனிட் கரண்ட் அதுக்குள்ள அடங்கும்.

1 யூனிட். இத நல்லா ஞாபகம் வச்சுக்குங்க.

ஏன்னா காசு மிச்சம் ஆகும்னு யாராவது இத வாங்கப் போனா நானே தடுப்பேன். நம்ம ஊர்ல வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016-ல இருந்து. அதுக்கு மேல போனாலும் பெட்டிய வீட்டு பிளக்ல ஃபுல் பண்ண ஆகற செலவு ஒரு டீக்காசுக்குள்ள முடிஞ்சிடும். பேனல், கம்பி, கிளாம்ப், வெல்டிங் கூலின்னு நான் போட்ட பணத்த டீக்காசு டீக்காசா எடுக்கணும்னா என் பேரன் காலம் வரைக்கும் ஆம்னி ஓடணும். "ஃப்ரீ கரண்ட், ஃப்ரீ கரண்ட்"னு வீடியோவுல கத்தறவங்களப் பாத்தா அதான் எரிச்சல் வருது. கரண்ட் ஃப்ரீதான். அதப் பிடிக்கற சாமானுக்குத்தான் காசு.

எனக்கு வேண்டியது மிச்சம் இல்ல. மலைல தங்கி ரெண்டு நாள் வேலை பாக்கணும், கீழ எறங்கக்கூடாது. அதுக்காகத்தான்.

சரி, மாட்டுன கதைக்கு வரேன்.

என் மச்சான் (வீட்டுக்காரி தம்பி) டொராண்டோவுல இருக்கான். நான் பேனல்னு வாய் தொறந்த அன்னிக்கே வீடியோவா அனுப்பித் தள்ளிட்டான். வெள்ளைக்காரங்க வேன்லயே குடும்பம் நடத்தற வீடியோ. அதுல எல்லாரும் ஒரே பாட்டு: பேனலப் படுக்கப் போடாதே, ஸ்டாண்டு வச்சு நிமித்து, சூரியனப் பாக்க வை.

"மாமா, படுக்கப் போட்டா பாதி கூட வராது மாமா."

அவன் சொல்றது அவன் ஊருக்குச் சரி. டொராண்டோவுல மார்கழி மாசம் மதியம் கூட சூரியன் அடிவானத்த ஒட்டிதான் நிக்கும். படுத்துக்கிடக்கற பேனலுக்கு, நிமிந்து நிக்கற பேனலுக்குக் கிடைக்கறதுல 40 சதவீதம் கூடக் கிடைக்காது. சின்னசேலம் இருக்கறது வடக்கே 11 அரை டிகிரி சொச்சத்துல. ஏப்ரல் 20 வாக்குல ஒரு தடவ, ஆகஸ்ட் 22 வாக்குல ஒரு தடவ, சூரியன் நேரா நம்ம உச்சந்தலைக்கு மேல வந்து நிக்குது. பள்ளிக்கூடத்துல பசங்கள வெளிய கூட்டிட்டு வந்து குச்சிய நட்டு "நிழலில்லா நாள்"னு காட்டுவாங்களே, அது. அன்னிக்குப் படுத்துக்கிடக்கற பேனல்தான் ராஜா. மார்கழில மதியம் 35 டிகிரி தெற்கே சாயும், அப்பக்கூட 80 சதவீதத்துக்கு மேல கிடைக்குது.

அதனால ஸ்டாண்டு கீண்டு ஒண்ணும் வேணாம். ஆம்னி கூரை மாதிரியே மட்டமா போட்டாச்சு. (மலைல தெற்கே சரிவா இருக்கற இடமாப் பாத்து வண்டிய நிறுத்தினா ஒரு பத்து வாட் கூட வரும். ஹேண்ட் பிரேக்க நம்பாதீங்க, கல்லு வைங்க.)

கூரைல ஓட்டை போடல. கேரியர் மாட்டி, அது மேல போல்ட் போட்டேன். வேணாம்னா கழட்டிக்கலாம். வண்டிய கண்டபடி மாத்தறதுக்கு மோட்டார் வாகனச் சட்டத்துல 52-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, எஃப்.சி-க்குப் போறப்ப வம்பு வேணாம் பாருங்க. கண்ணாடி பேனல் ஒண்ணு ஏழு கிலோ வாக்குல வரும். வளையற பேனல் எடை கம்மி, கூரைல பசை போட்டு ஒட்டிடலாம்னு கடைக்காரர் சொன்னாரு. நான் வேணாம்னுட்டேன். ஏன்னா பேனல் வெயில விரும்பும், சூட்ட விரும்பாது. ரெண்டும் ஒண்ணுன்னு நெனைக்கறோம். இல்ல.

பேனல் மேல எழுதியிருக்கற 100 வாட்டு, உள்ள இருக்கற செல்லு 25 டிகிரில இருக்கும்போது அளந்தது. சித்திரைல நம்ம ஊர்ல 25 டிகிரிய எங்க போய்த் தேடறது? ஃப்ரிட்ஜுக்குள்ளதான் தேடணும். வெயில்ல கிடக்கற செல்லு 60, 65 டிகிரிக்குப் போகுது. ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35, 0.4 சதவீதம் கொறையும். அதுலயே 15 சதவீதம் அவுட்டு. இரும்புக் கூரை மேல ஒட்டினா இன்னும் மோசம், காத்து போக வழியே இல்ல. நான் மூணு இஞ்ச் இடைவெளி விட்டு மாட்டினேன். அதுல எதிர்பாக்காத ஒரு லாபம்: பேனல் நிழல் கூரை மேல விழுதா, வண்டிக்குள்ள அனல் கொறஞ்சு போச்சு! ஏசி இல்லாத ஆம்னிக்கு இது பெரிய விஷயம். கரண்டே வரலைன்னாலும் இதுக்காக மாட்டலாம் போல.

200 வாட்டுல நான் கண்ணால பாத்தது நல்ல மதியத்துல 140, 150. வெயில்ல நாள் பூரா நின்னா 700 வாட் மணி வாக்குல ஏறும். எனக்கு அது தாராளம்.

நாள் பூரா வெயில்ல நின்னா.

அங்கதான் இருக்கு விஷயமே.

நம்ம ஆளுங்க வண்டிய எங்க நிறுத்துவாங்க? வேப்பமரத்தடில. புளியமரத்தடில. மண்டபத்துக்குப் போனா பந்தல் நிழல்ல. நிழல் இல்லாத எடத்துல நிறுத்தினா ஊரே வந்து புத்தி சொல்லும். முதல் தடவ மலைல ஒரு ஊர்ல காதுகுத்துக்குப் போயி, நடு மந்தையில பட்டப்பகல்ல ஆம்னிய நிறுத்தினேன். ஒரு தாத்தா கோல ஊணிக்கிட்டு அவ்ளோ தூரம் நடந்து வந்தாரு.

"ஏம்ப்பா, வண்டி வெந்துடும்பா. அந்தப் பலாமரத்தடில போட்டுக்க."

"இல்லீங்க தாத்தா, வெயில்ல இருந்தாத்தான் கரண்ட் வரும்."

"இங்க இருக்கற கரண்ட்டே வரமாட்டேங்குது. வெயில்ல நின்னா வந்துடுமா?"

என்னத்த சொல்ல. அவரு சொன்னாரேன்னு மரத்தடில போட்டும் பாத்தேன். டிஸ்பிளேல 15 வாட்டு. மரத்துக்கு வெளிய 140. இலை நிழல்தானே, பொட்டுப் பொட்டா வெளிச்சம் வருதேன்னு தோணும். பேனலுக்கு அந்தக் கணக்கு கெடையாது. உள்ள செல்லெல்லாம் வரிசையா கோத்திருக்கும், ஒரு செல்லு நிழல்ல மாட்டினா அந்த வரிசையே படுத்துக்கும். காக்கா ஒண்ணு நடுவுல ஆசீர்வாதம் பண்ணாக்கூட வாட்டு எறங்குது. (காலைல துணிய நனைச்சுத் தொடச்சுடுங்க. மதியம் கொதிக்கற கண்ணாடி மேல பச்சத் தண்ணிய ஊத்தாதீங்க.)

சரி, வெயில்லயே நிறுத்தியாச்சு. பேனல் சந்தோஷமா இருக்கு. இப்ப பெட்டி அழ ஆரம்பிக்குது.

அந்த லித்தியம் பெட்டி சார்ஜ் ஏத்திக்க 45 டிகிரிதான் எல்லை. அதுக்கு மேல போனா உள்ள இருக்கற காவக்கார சர்க்யூட்டு கதவச் சாத்திடும். சாத்துறது நல்லதுதான், இல்லைன்னா பேட்டரி ஆயுசு போகும். ஆனா வெயில்ல கண்ணாடி ஏத்திட்டு நிக்கற வண்டிக்குள்ள 45 என்ன, 60-ஐயே தாண்டும். மச்சான் அனுப்பின வீடியோவுல இந்தப் பேச்சே கெடையாது. அவங்க கவலையெல்லாம் பூஜ்யம் டிகிரிக்குக் கீழ போனா பேட்டரி சார்ஜ் ஏறாதேன்னு. அவங்க பெட்டிக்குப் போர்வை போத்தறாங்க. நாம விசிறி போடணும்!

பெட்டிய டிரைவர் சீட்டுக்குக் கீழ தள்ளலாம்னு நெனைக்காதீங்க. ஆம்னில அங்கதான் இன்ஜின் இருக்கு.

அதனால இப்ப நான் பண்றது இது. வண்டி வெயில்ல, பெட்டி விசேஷ வீட்டுத் திண்ணைல, நடுவுல பத்து மீட்டர் ஒயரு. ஒயர்ல கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. 18 வோல்ட்டுல 11 ஆம்பியர் வரைக்கும் ஓடுது. வீட்டு வயரிங்ல மிஞ்சுன 1.5 ஸ்கொயர் எம்.எம் ஒயர்ல விட்டா 15 சதவீதம் வரைக்கும் ஒயரே தின்னுடும். 4 ஸ்கொயர் எம்.எம் சோலார் ஒயர் போட்டா 5, 6 சதவீதத்தோட போச்சு.

திண்ணைல பெட்டி வந்து உக்காந்ததும் வேற கூத்து. விசேஷத்துக்கு வந்த அத்தன பேர் போனும் அதுல தொங்கும். அத்தைங்க, சித்திங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. "தம்பி, 2 பர்சன்ட்தான் இருக்கு தம்பி"ன்னு கேட்டா எப்படி இல்லைன்னு சொல்றது? ஒரு போனுக்கு 15, 20 வாட் மணிதான், பெரிய செலவில்ல. ஆனா ட்ரோன் சார்ஜர உருவிட்டு போன சொருகற ஆளுங்க இருக்காங்க பாருங்க. அவங்களுக்குன்னே நாலு ஓட்டை உள்ள யு.எஸ்.பி பெட்டி தனியா வச்சிருக்கேன்.

வழில என்ன ஏறுதுன்னு கேப்பீங்க. சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகினா வண்டி ஓடற வரைக்கும் 100 வாட்டு சுமாருக்கு வரும். கச்சிராயபாளையம் வரைக்கும் பேனலும் நல்லாத்தான் குடுக்குது. மலை ஏற ஆரம்பிச்சா ரெண்டு பக்கமும் மரம். வெயிலு, நிழலு, வெயிலு, நிழலு. பெட்டிக்குள்ள இருக்கற எம்.பி.பி.டி ஒவ்வொரு தடவையும் சரியான வோல்ட்டத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும். ஏறும்போது பேனல நம்பறதில்ல, லைட்டர்தான்.

எனக்கு இதெல்லாம் பாத்ததுல ஒண்ணு தெளிவாச்சு. காருக்கு இது சரிப்படாது. நம்ம காரெல்லாம் நிழலுக்குப் பொறந்தது. எந்த வண்டி எப்படியும் நாள் பூரா வெயில்ல நிக்கப் போகுதோ, அதுக்குத்தான் இது. சின்னசேலம் பஸ் ஸ்டாண்டச் சுத்தி ஒரு ரவுண்டு வாங்க. பழ வண்டி, இளநி வண்டி, கரும்பு ஜூஸ், மைக்குல கூவி வெங்காயம் விக்கற குட்டி யானை. அவங்க மேல எல்லாம் வெயில் சும்மா வீணா விழுதுங்க.

இத நம்ம பக்கத்து ஊரு பொண்ணு ஒண்ணு எனக்கு ரொம்ப முன்னாடியே யோசிச்சிருக்கு. திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர். கரிப்பெட்டி வச்சுத் தேய்க்கற இஸ்திரி வண்டியப் பாத்துட்டு, கூரைல சோலார் பேனல் வச்ச வண்டிய வடிவமைச்சுது. 2020-ல ஸ்வீடன்ல இருந்து குழந்தைகளுக்கான காலநிலைப் பரிசு. 2021-ல எர்த்ஷாட் பரிசுக்கு இறுதிப் பட்டியல். அதே வருஷம் நவம்பர்ல கிளாஸ்கோ மாநாட்டு மேடைல உலகத் தலைவருங்க முன்னாடி பேசுச்சு. அப்ப வயசு 15-தான். 5 மணி நேர நல்ல வெயில் கிடைச்சா 6 மணி நேரம் தேய்க்கலாம்கறது அந்த வண்டிக் கணக்கு. அதுலயே போன் சார்ஜ் போட்டுக் குடுத்து கூட நாலு காசு பாக்கலாம்னும் யோசிச்சு வச்சிருக்கு. (திண்ணைல நான் ஓசில பண்றத அந்தப் பொண்ணு தொழிலாவே போட்டிருக்கு. புத்திசாலி.)

இத எங்க தெரு இஸ்திரி அண்ணன்கிட்ட சொன்னேன். அவரு வண்டி நிக்கறதும் வேப்பமரத்தடிதான்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வெயில்ல யாரு நிக்கறது?"

இந்தக் கேள்விக்கு எந்த மேடைலயும் பதில் சொல்லி நான் கேட்டதில்ல. வண்டிக்கு வெயிலு வேணும், மனுஷனுக்கு நிழலு வேணும், ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிக்கணும். பேனலயே பெருசா, சார்ப்பு மாதிரி முன்னாடி நீட்டி விட்டா அதுவே அவருக்கு நிழல் ஆகும்னு சொல்லியிருக்கேன். யோசிக்கறேன்னாரு. கரி விலை ஏறினா சீக்கிரம் யோசிப்பாரு.

கேரளாவுல வைக்கத்துல 2017 ஜனவரில இருந்து 'ஆதித்யா'ன்னு ஒரு சோலார் படகு ஓடுது. 75 பேர் ஏறலாம், கூரைல 20 கிலோவாட் பேனல். நல்லா ஓடுதுன்னா ஏன் ஓடாது? காயல் நடுவுல வேப்பமரமா இருக்கு?

நம்ம பக்கத்துல வெயில எப்படி வாங்கணும்னு தெரிஞ்சவங்கன்னா அது சேகோ ஃபேக்டரிக்காரங்கதான். ஆத்தூர்ல இருந்து சின்னசேலம் வரைக்கும் ரோட்டோரமா பாருங்க, குச்சிக்கிழங்கு அரைச்சு எடுத்த மாவும் ஜவ்வரிசியும் எவ்ளோ பெரிய களத்துல காயுதுன்னு. ஒரு மரம் வளர விடமாட்டாங்க. என் ஃபிரெண்டோட களம் ஒண்ணு இருக்கு. அங்க ஓரமா ஆம்னிய நிறுத்திட்டா காலைல ஏழு மணிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு துளி நிழல் விழாது. வாசனைதான் கொஞ்சம் தூக்கலா இருக்கும். கிழங்குத் தோலு புளிச்ச வாசனை, பழகினவங்களுக்குத் தெரியும்.

அந்த ஃபிரெண்டு இப்ப கிளம்பிட்டான். அவன் குட்டி யானைல வீட்டு மாடிக்குப் போடற பெரிய பேனல் வேணுமாம், 540 வாட்டு. ஒண்ணுன்னா சரி. அது ரெண்டே கால் மீட்டர் நீளம், 28 கிலோ, வெல்டிங் பண்ணிக்கலாம். "ரெண்டு போட்டா என்ன?"ங்கறான். அங்கதான் நான் கத்தினேன். அந்தப் பேனல் ஒண்ணு லோடு இல்லாம 50 வோல்ட்டு வாக்குல காட்டும். ரெண்டத் தொடரா கோத்தா 100. என் பெட்டி தாங்கறது 60 வோல்ட்டு, 12 ஆம்பியர். சின்னப் பெட்டிங்க சிலது 28 வோல்ட்டுலயே முடிஞ்சிடும். ஆம்பியர் கூடப் போனா பெட்டி தனக்கு வேண்டியத மட்டும் எடுத்துக்கும், வோல்ட்டு கூடப் போனா பெட்டி போச்சு. கடைல வாட்ட மட்டும்தான் பாத்து விக்கறாங்க, வோல்ட்ட யாரும் சொல்றதில்ல. என் 100 வாட் பேனல் ஒண்ணு லோடு இல்லாம 22 வோல்ட்டு. ரெண்டத் தொடரா கோத்தாலும் 44தான், தாங்கும். ஆனா நான் இணையாத்தான் கோத்திருக்கேன், ஒண்ணு மேல நிழல் விழுந்தாலும் இன்னொண்ணு வேலை பாக்கும்னு.

அதனால உங்க பெட்டிக்கு எத்தன பேனல் போடலாம்னு போன் பண்ணி கேக்கறவங்க, மொதல்ல பெட்டிக்குப் பின்னாடி இருக்கற லேபிள போட்டோ எடுத்து அனுப்புங்க. பேனலுக்குப் பின்னாடி இருக்கறதையும். ரெண்டும் தெளிவாத் தெரியணும், ஆட்டம் இல்லாம. (போட்டோக்காரன்கிட்ட அனுப்பறீங்க, ஞாபகம் இருக்கட்டும்.)